சும்மா கிடந்த 77

1. திரையில் வந்த கோழி

மதியம் 1:12. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது மலாக்கா டவுன் சேலைக் கடைக்கார விஜயா அனுப்பியிருந்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் ஒரே மாதிரி ஆறு வரிகள்: "ரெபான் 3, சூஹூ 33.4" என்று தொடங்கி, கடைசி வரி 34.1. மலாயில் ரெபான் என்றால் கோழிக்கொட்டகை, சூஹூ என்றால் வெப்பநிலை. தன் இணையதளத்தில் இல்லாத பக்கத்தை யாராவது கேட்டால் கைப்பேசிக்கு அறிவிப்பு வரவேண்டும் என்று அவர் கேட்டு வாங்கியிருந்தார். அப்படி வந்தவை இவை.

உடனே போனிலும் வந்துவிட்டார்.

"சிஸ்டர், நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. சேலை கேட்டு வர்றவங்களவிட இந்தக் கோழிதான் ஒழுங்கா வருது."

எங்களுடையது குருபோங்கில் உள்ள ஒரு சிறிய கிளவுட் நிறுவனம். வாடிக்கையாளர்களின் சர்வர்கள் எங்களிடம் ஓடுகின்றன. வெளியுலகம் அந்த சர்வர்களை அடைய ஆளுக்கொரு பப்ளிக் ஐ.பி. முகவரி வேண்டும். எங்களிடம் இருப்பது மொத்தம் 256. அதில் சிலவற்றை நெட்வொர்க்கே எடுத்துக்கொள்ளும். மீதியை யாருக்குக் கொடுப்பது, யாரிடமிருந்து திரும்ப எடுப்பது என்ற பதிவேடு பத்தொன்பது வருடங்களாக என் கையில் இருக்கிறது.

விஜயாவின் முகவரி 77-இல் முடியும். அவருக்குக் கொடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் அது யாரிடம் இருந்தது என்று பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். சேகரன் என்று இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, கோழிப் பண்ணைகளுக்கு அலாரம் பெட்டி செய்து கொடுப்பவர். "திரும்ப எடுத்தவர்" என்ற இடத்தில் என் பெயர்.

2. நான் செய்தது

அந்த மாதம் முகவரிகள் தீர்ந்துபோயிருந்தன. "சும்மா கெடக்குறதையெல்லாம் எடுங்க லா, புது ஆளுக்கு என்னத்த குடுக்குறது?" என்றார் மேனேஜர். ஒவ்வொரு முகவரிக்கும் யார் வந்துபோனார்கள் என்று பதிவாகும் லாக்கை அறுபது நாளுக்கு எடுத்துப் பார்த்தேன். எந்த பப்ளிக் முகவரியையும் யாராவது தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். இணையத்தில் ஊர்சுற்றும் ஸ்கேனர் புரோகிராம்கள் அவை. அவற்றைக் கழித்தபோது 77-இல் மிஞ்சியது பூஜ்யம். விதிப்படி ஈமெயிலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதினான்கு நாள் பதில் இல்லை. எடுத்துவிட்டேன்.

சேகரனின் போன் நம்பரும் அதே வரியில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

சேகரனின் பெட்டி கொட்டகை சூடானால் மட்டும் வாய் திறந்து 77-க்குச் செய்தி அனுப்பும். அறுபது நாள் அது பேசவில்லை என்றால், அறுபது நாளும் கோழிகள் நன்றாக இருந்திருக்கின்றன. நான் அதைக் காலி வீடு என்று படித்துவிட்டேன்.

3. எந்த ரெபான் மூணு?

முகவரியை ஒரு நிமிடத்தில் சேகரனின் சர்வருக்குத் திருப்பியிருக்கலாம். ஆனால் திருப்பினால் எண்கள் என் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஒன்பது நாளாக முகவரி இல்லாமல் கிடந்த சர்வர் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதும் தெரியாது. சேகரனைப் போனில் பிடித்தேன்.

"சேகரன், ரெபான் மூணு யாரோட பண்ணை?"

"எந்தப் பண்ணைன்னு சொல்றது அக்கா? எனக்கு ஏழு கஸ்டமர். ஏழு பேருகிட்டயும் ரெபான் மூணு இருக்கு லா."

ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தில் பெட்டியின் எண் இருந்தது. 0419 என்றேன். காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"நியாலாஸ். கண்ணன் அண்ணன் பண்ணை. ஆனா எனக்கு அலாரம் ஒண்ணும் வரலியே."

"உங்க அலாரம் சேலைக் கடைக்குப் போய்க்கிட்டு இருக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"திட்டுறத அப்புறம் திட்டுங்க. மொதல்ல அவருக்கு போன் போடுங்க. முப்பத்தஞ்சு தாண்டிருச்சு."

சேலைக் கடை சர்வரின் லாக் என் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. 1:31-க்கு 35.3. 1:36-க்கு 35.8. கண்ணன் நியாலாஸ் டவுனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றும் சேகரன் செய்தி அனுப்பினார். விஜயா மறுபடி அழைத்தார்.

"சிஸ்டர், அது பெரிய கோழியா, குஞ்சா?"

"தெரியல."

"கடையில ஆள் நிக்குது, நான் இதையே பாத்துக்கிட்டு இருக்கேன்."

1:41-க்கு 36.2. 1:42-க்கு ஒன்றும் வரவில்லை. 1:43-க்கும் இல்லை.

முப்பத்திரண்டுக்குக் கீழே இறங்கினால்தான் பெட்டி பேச்சை நிறுத்தும் என்று சேகரன் சொல்லியிருந்தார். 36.2-இலிருந்து ஒரு நிமிடத்தில் அவ்வளவு இறங்க வழியில்லை. பெட்டியே செத்துவிட்டதென்று நினைத்தேன். திரையில் இருந்தது அதே பூஜ்யம். இந்த முறை அதைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

1:51-க்கு சேகரன் அழைத்து, கண்ணனையும் இணைப்பில் கொண்டுவந்தார். பின்னால் காற்றாடிகள் இரைந்தன.

"மூணாம் நம்பர் ரெபான் ஃபேன் சுவிட்ச் மட்டும் ட்ரிப் ஆயிருச்சு தங்கச்சி. மத்த எடத்துல கரண்டு இருந்ததால ஜெனரேட்டரும் எடுக்கல. பசங்க சாப்பிடப் போயிட்டானுங்க. ஒரு நாப்பது போச்சு. மிச்சம் பன்னெண்டாயிரமும் நிக்குது."

"பெட்டி ஏன் நின்னுச்சு?"

"செவப்பு லைட்டு கண்ணக் குத்துச்சு. பட்டன அமுக்கிட்டேன்."

4. பிறகு

அன்று மாலையே விஜயாவின் கடையை 112-க்கு மாற்றி, 77-ஐ சேகரனிடம் திருப்பிக் கொடுத்தேன். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நோட்டீஸ் போன ஈமெயில், வேலையை விட்டுப் போன ஓர் ஊழியருடையது என்று சேகரன் சொன்னார். அதையும் எழுதினேன், ஆனால் இரண்டாவதாக.

இளையவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். லாக்கை மட்டும் பார்த்து முகவரியை எடுக்காதீர்கள். அது எதற்காக இருக்கிறது என்று மனிதரிடம் வாயால் கேளுங்கள். எடுத்த பிறகும் முப்பது நாள் யாருக்கும் கொடுக்காமல், அங்கே யார் வந்து தட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். "முப்பது நாள் சும்மா வெச்சா நான் எதைக் குடுக்குறது?" என்று மேனேஜர் இன்னும் கேட்கிறார். இன்னும் வைக்கிறோம்.

இன்று காலை லாக்கைப் பார்த்தேன். 77-இல் தொண்ணூற்று நான்கு நாளாக ஒரு செய்தியும் வரவில்லை.