கருகாத பன்னிரண்டு செடிகள்

மைசூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில், உருளைக்கிழங்கின் மரபணுவைத் திருத்தும் குழுவில் அப்போது நான் வேலை பார்த்தேன். கருகல் நோய் செடிக்குள் புக இடம் கொடுக்கும் மரபணு ஒன்றை வெட்டிச் செயலிழக்க வைப்பதுதான் எங்கள் முயற்சி. நோய்க் கிருமியை வேண்டுமென்றே தெளித்த பிறகும் பன்னிரண்டு தொட்டிகளில் இலை பச்சையாகவே நின்றது. அந்தச் சந்தோஷத்தில், கொள்ளேகால் பக்கம் கௌதள்ளியில் உருளை போட்டிருந்த அண்ணனிடம் போனில் உளறிவிட்டேன்.

அந்த வருடம் மழை விடவில்லை. மூன்றே நாளில் அண்ணனின் உருளைக் காடு முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிச் சாய்ந்தது. மறுநாள் முதல் பஸ் பிடித்து ஆய்வுக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"அம்மிணி, அந்தச் செடியில ரெண்டே ரெண்டு குடு. நான் பெருக்கிக்கறேன்."

"வெளிய கொண்டு போகக்கூடாதுங்கண்ணா. அனுமதி வாங்கோணும்."

"தின்னா ஆகாதா?"

"ஆகும்னும் சொல்ல முடியாது, ஆகாதுன்னும் சொல்ல முடியாது. இன்னும் அதைச் சோதிக்கலீங்க."

"அப்புறம் யாருக்குத்தான் செய்யறீங்க?"

காபி சாப்பிடக் கூப்பிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். கொள்ளேகால் பஸ் நாள் முழுக்க உண்டு என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கருகல் சோதனை முடிந்தது. விதிப்படி செடிகளை மண்ணோடு நீராவிக் கலத்தில் அவித்து அழிக்க வேண்டும். வேறு யாரையும் விடாமல் நானே பிடுங்கினேன். வேரடியில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள். ஒன்றைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கதவுவரை போனேன். மரபணுவில் நாங்கள் வெட்டியது அந்த ஒரு இடத்தில் மட்டும்தானா என்பதைக்கூட இன்னும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. அண்ணன் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. திரும்பி வந்து கிழங்கை மற்றவற்றோடு போட்டேன். அவித்து முடித்துக் கலத்தைத் திறந்தபோது, மண் வாடையோடு வீட்டில் கிழங்கு வேகவைக்கும் அதே மணம் வந்தது.

அண்ணன் அந்த நிலத்தில் மக்காச்சோளம் விதைத்தார். பொங்கலுக்குப் போனபோது நன்றாகத்தான் பேசினார். என் வேலையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

அடுப்படியில் அண்ணிதான் மெல்லச் சொன்னார்: "உங்க மேல தப்பில்லைன்னுதான் சொன்னாருங்க அம்மிணி. ஆனா மைசூர்ல இருந்து வந்து ரெண்டு நாள் காட்டுப் பக்கமே போகலை."