மஞ்சள் நூலில் ஒரு உபயம்

பெரம்பலூரிலிருந்து திருமானூர் வரைக்கும் நான் பந்தல் போடாத ஊர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் லாரி லாரியாகச் சாமியானா வைத்திருக்கிறேன் என்றால் சும்மா வந்ததில்லை. இப்போது முட்டி வலி. லாரியில் ஏறி இறங்க முடியவில்லை. அது கிடக்கட்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு சதுரத் துணி கொண்டுவந்து, அதில் ஊரைத் தைத்தார்கள். ஒருத்தி ஆடு, ஒருவன் சிமெண்ட் லாரி, இன்னொருத்தி மக்காச்சோளம். எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும். அடித்துணியும் சுற்றி வரச் சிவப்புப் பட்டையும் நான்தான் கொடுத்தேன். என் பட்டறையிலேயே இணைத்தும் கொடுத்தேன்.

கொடுத்தவன் பெயர் வேண்டாமா? கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் என்று எழுதுகிறார்கள். நான் பாதியில் விட்டுவந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இதிலாவது இருக்கட்டும் என்று, பட்டையில் மஞ்சள் நூலால் உபயம் போட்டு என் பெயரையும் தைக்க வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் துணியை விரித்ததும், ஆடு தைத்த பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"தாத்தா, ஒங்க பேரு மட்டும் ஏன் இருக்கு?"

"நான்தான துணி குடுத்தேன்?"

"நானுந்தான் குடுத்தேன். அது எங்கம்மா பொடவ. வூட்டுல இன்னும் திட்டு வுழுது."

"என்னுது எங்கப்பா கைலி" என்றான் லாரி தைத்த பையன்.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்களே ஒரு நாயம் சொல்லுங்கய்யா."

கூட்டம் போட்ட கட்சிக்காரர்களிடமே பேசி வாடகை வாங்கியவன் நான். அன்றைக்கு நண்டுசிண்டுகளிடம் தோற்றேன்.

"என்னமோ பண்ணுங்க."

பண்ணினார்கள். அதே மஞ்சள் நூலை எடுத்து, உபயம், உபயம் என்று துணி கொடுத்த எல்லார் பெயரையும் பட்டை முழுக்கத் தைத்துத் தள்ளிவிட்டார்கள். சத்துணவு ஆயாகூட முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்து இடம் பிடித்துவிட்டார்.

மாட்டிய பிறகு என் வீட்டுக்காரியைக் கூட்டிப்போனேன்.

"ஒங்க பேரு எதுங்க?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன். அகப்படவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் காட்டியிருப்பார்கள். கேட்க அலுப்பாக இருந்தது. கீழே ஒரு பக்கமாகக் கையை நீட்டினேன்.

"ந்தா, அங்க."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. குனிந்து யாருடைய பெயரையோ தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தச்சிருக்காங்க" என்றாள்.

நானும் ஆமாம் என்றேன்.