டேங்குக்குள் ஒளிந்திருந்த என்னைக் கர்த்தர் வெளியே எடுத்தார்

போன ஆடி மாதம் என் பட்டறையில் ஒரு திருடன் இருந்தான். இருக்கிறான் என்று அடித்துச் சொல்வேன், அம்புட்டு உறுதியாக இருந்தேன். வெல்டிங்குக்கு ஒரு வாரம் வரவேண்டிய ஆர்கான் கேஸ் சிலிண்டர் மூன்றே நாளில் காலியானது. ஒரு தடவை இல்லை, தொடர்ந்து நாலு சிலிண்டர். எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன்.

என்னைத் தெரியாத விசுவாசிகளுக்காகச் சொல்கிறேன். நான் படித்தது மூணாங்கிளாஸ். டி. கல்லுப்பட்டியிலிருந்து வெறுங்கையோடு மதுரைக்கு வந்தவன். ஆனையூரில் பாதி வீட்டு இரும்பு கேட் இந்தக் கை செய்தது. பிறகு எவர்சில்வர் வேலைக்கு மாறினேன். பால் டேங்க், ஓட்டல் டேங்க் எல்லாம் செய்கிறோம். நான் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, எங்கே ஒட்டினது என்று கேட்ட இன்ஜினியர்கள் உண்டு. ஒருத்தர் தயவும் இல்லாமல் மேலே வந்தேன். அதனாலேயே ஒருத்தரையும் நம்பியதில்லை.

ஆர்கான் வெல்டிங்கில், நெருப்பு விழுகிற இடத்தை அந்தக் கேஸ் போர்வை மாதிரி மூடி நிற்க வேண்டும். காற்று அடித்தால் கேஸ் கலைந்துவிடும். பற்றவைத்த இடம் ஊசி குத்தினது மாதிரி பொத்தல் பொத்தலாகிவிடும். ஆடிக் காற்று சும்மா விடுமா? பட்டறையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். பெரிய ஃபேனை நிறுத்தி மூலையில் போடச் சொன்னேன்.

பாண்டி மட்டும் கேட்கவில்லை. எட்டு வருடமாக என்னிடம் வெல்டர். கொட்டாம்பட்டிக்காரன். நான் தார்ப்பாயைக் கட்டக் கட்ட அவன் ஒரு பக்கம் தூக்கித் தூக்கி விடுவான். கேட்டால், டேங்குக்குள் வேலை பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும் என்பான். என் வேலையில் பொத்தல் விழவைத்து என் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மேலூர்ப் பக்கம் இடம் பார்க்கிறான் என்று வேறு ஒருவர் என் காதில் போட்டார். முடிந்தது. தனியாகப் பட்டறை போடப் போகிறான், என் கேஸை அங்கே கடத்துகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நாட்களில் எனக்குத் தலை கனத்தது, கிறுகிறுப்பு வந்தது. டீயில் எதையாவது கலக்குகிறானோ என்று, அவன் வாங்கி வந்த டீயை அவன் கண் முன்னாலேயே கீழே ஊற்றினேன்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். முழங்காலில் நின்று ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, அந்தத் திருடனைக் காட்டிக் குடுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். படுக்கப் போட்டிருந்த பால் டேங்குக்குள் நான் ஏறி ஒளிந்துகொண்டேன். யார் வந்து சிலிண்டரைத் தொட்டாலும் டேங்க் வாய் வழியாகத் தெரியும். பாதியில் நிறுத்திய வேலை என்பதால், கேஸ் வருகிற வெல்டிங் டார்ச் குழாயோடு உள்ளேயே கிடந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆர்கானுக்கு வாசனை கிடையாது. நிறம் கிடையாது. இருமல் வரவில்லை, மூச்சு முட்டவும் இல்லை. கால் மட்டும் என்னுடையது இல்லாத மாதிரி ஆனது. எழுந்திருக்க நினைத்தேன், முடியவில்லை. இயேசப்பா என்று கூப்பிட நினைத்தேன், வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் கூப்பிட்டேன். அது ஒன்றுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் மனைவி எஸ்தர் அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு மனதை என்னவோ உறுத்தியதாம். எனக்குப் போன் போட்டிருக்கிறாள். சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த பாண்டிக்கு, டேங்குக்குள்ளே என் போன் அடிப்பது கேட்டிருக்கிறது.

ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டிய வாய் இது. சொல்லவில்லை. ஏனென்றால் எதிர் டீக்கடைக்காரர் வந்து ஒன்றைச் சொன்னார். "அந்தப் பய டேங்குக்குள்ள எட்டிப் பாத்தாண்ணே. நீங்க கெடக்கிறதப் பாத்துட்டு அங்கிட்டுத் திரும்பி ஓடுனான். என் கண்ணால பாத்தேன்."

பார்த்தீர்களா என்றேன். நான் சாகட்டும் என்று ஓடியிருக்கிறான், ஆள் பார்த்துவிட்டதால்தான் திரும்பி வந்து தூக்கியிருக்கிறான். போலீசில் எழுதிக் கொடுத்து, மதுரையில் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்காதபடி செய்துவிடுவது என்று படுக்கையிலேயே தீர்மானித்தேன். என் வாய்க்கு இந்தத் தொழிலில் அம்புட்டு மரியாதை உண்டு.

மறுநாள் பாண்டி சாத்துக்குடியோடு வந்தான். நான் அந்தப் பையைத் தொடவில்லை.

"ஏண்டா என்னைப் பாத்துட்டு ஓடுன?"

"சிலிண்டரை மூடத்தாண்ணே."

"உடனே உள்ள எறங்கித் தூக்குறதுக்கு என்ன?"

அவன் பையைக் கட்டிலோரம் வைத்தான். பிறகு சொன்னான். "என் மச்சான் ஒரு டேங்குல அப்பிடித்தாண்ணே எறங்குனான். கூட வேலை பாத்தவன் உள்ள விழுந்துட்டான்னு பதறிக் குதிச்சான். ரெண்டு பொணத்தைத் தூக்குனோம்."

சிலிண்டரை மூடிவிட்டு, நான் மூலையில் போட்டிருந்த ஃபேனை இழுத்து வந்து டேங்க் வாயில் வைத்து ஓடவிட்டிருக்கிறான். தார்ப்பாயை அறுத்துவிட்டிருக்கிறான். மூச்சை அடக்கிக்கொண்டு கையை மட்டும் உள்ளே விட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். ஆர்கான் காற்றைவிடக் கனமாம், மூச்சுக்காற்றைத் தள்ளிவிட்டு அடியில் போய்த் தங்குமாம். நாற்பது வருடம் நெருப்போடு நின்ற எனக்கு அது தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. டார்ச்சின் திருகு தேய்ந்து, கேஸ் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. சாப்பிடப் போகும்போது சிலிண்டரை மூட வேண்டாம், டார்ச்சை மூடினால் போதும் என்று சட்டம் போட்டது யார்? நான். திறந்து திறந்து மூடினால் ரெகுலேட்டர் கெட்டுவிடும் என்று பெரிய மனுசத்தனமாகச் சொன்னவன் நான்தான். சிலிண்டர் மூன்றே நாளில் காலியானதற்கும் என் தலைச்சுற்றலுக்கும் அந்தக் கசிவுதான் காரணம்.

கிளம்பும்போது பாண்டி கேட்டான். "ஆமா, உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டு யாரைப் புடிக்கப் பாத்தீங்க?"

பொய் சொல்லலாம் என்று வந்தது. கர்த்தர் விடவில்லை. "ஒன்னையத்தாண்டா" என்றேன்.

"அது எனக்கு டீயைக் கொட்டுனப்பவே தெரியும்ணே" என்றான். சாத்துக்குடியை உரித்து என் கையில் வைத்துவிட்டுப் போனான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். திருடனைக் காட்டச் சொல்லி மூன்று நாள் கேட்டேன். ஆண்டவர் என்னையே படுக்கப் போட்டு எனக்குக் காட்டினார்.

சபையாரே, சந்தேகப் புத்தி என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. இப்போது ஓஸ் குழாய் மேல் சந்தேகம், திருகு மேல் சந்தேகம். காலையில் ஜெபம் முடித்ததும் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறேன். வேலையை நிறுத்தினால் சிலிண்டரை மூடாமல் ஒருத்தரும் நகரக் கூடாது. டார்ச்சை உள்ளே போட்டுவிட்டு வரக் கூடாது. வெளியே ஒரு ஆள் நிற்காமல், உள்ளே காற்று போகாமல், ஒருத்தரும் டேங்குக்குள் தலை நீட்டக் கூடாது. பற்றவைக்கிற இடத்தை மட்டும் காற்று படாமல் மறைத்துக்கொள்கிறோம். மேலூரில் பாண்டி பார்த்தது வீடு கட்ட இடம். அதையும் இப்போதுதான் அவனிடம் நேரில் கேட்டேன்.

போன வாரம் ஃபேன் போடாமல் ஒரு டேங்குக்குப் பக்கத்தில் போய்விட்டேன். வந்த பார்ட்டி முன்னாலேயே பாண்டி என்னை அதட்டினான். அறுபத்து நாலு வயதில் என்னை அதட்ட ஆனையூரில் ஆள் கிடையாது. வாயை மூடிக்கொண்டு போய் சுவிட்சைப் போட்டேன்.

உங்களில் யாராவது பயத்திலோ வியாதியிலோ கிடந்தால் அவரைக் கூப்பிடுங்கள். வாய் திறக்காவிட்டாலும் அவருக்குக் கேட்கும், அதற்கு நான் சாட்சி. ஆனால் யாரையாவது மனதில் வைத்துக் கறுவிக்கொண்டு ஜெபிக்கிறீர்கள் என்றால், எழுந்து போய் முதலில் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை நேரில் கேளுங்கள். நான் கேட்காமல் செத்திருப்பேன்.