ஆறு மணி நேரப் பயணம்

பஸ்ஸில் பக்கத்து ஊரான குண்டடம் போய் வருவதற்குள்ளேயே எனக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். பயம் முற்றினால் நடுவில் இறங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ஒரே தைரியம். விமானத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் லண்டனில் இருக்கும் மகள் பிரசவத்துக்கு அழைத்தபோது, "ஒரு ஷிப்ட் நேரமுன்னா பல்லைக் கடிச்சுட்டு உக்காந்துக்குவேன். அதுக்கு மேல ஆகாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இருபது வருடம் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள் நான். எட்டு மணி நேரம் எனக்கு அத்துப்படி.

மகளுக்கு அங்கே வேறு துணையில்லை. "வந்துருவீங்கல்லம்மா?" என்று தினமும் கேட்டாள். இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

டிக்கெட் வந்தது. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். துணியில் கால் இஞ்ச் பிசகினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். கழுத்தில் தொங்கிய டேப்போடு டிக்கெட்டை உற்றுப் பார்த்தார்.

"சென்னையில காலைல அஞ்சரைக்கு ஏறுனா லண்டன்ல பதினொண்ணரைக்கு எறங்கிருவ. ஆறு மணி நேரந்தான் அம்முணி. ஒரு ஷிப்ட்டு கூட இல்ல."

எட்டாயிரம் கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் கடக்க முடியுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நிம்மதியாக முறுக்குச் சுடப் போய்விட்டேன்.

விமானம் கிளம்பிச் சரியாக ஆறு மணி நேரம் ஆனதும் போர்வையை மடித்து, செருப்பை மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பெண் பார்த்துவிட்டு, "இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும்மா. அந்த ஊர் நேரம் நமக்குப் பின்னாடி. டிக்கெட்ல அதைத்தான் போட்டிருப்பாங்க" என்றாள்.

மனதுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. திட்டி ஓய்ந்த பிறகுதான், ஆறு மணி நேரத்தை ஓட்டிவிட்டோமே என்று உறைத்தது. சரி, அரை ஷிப்ட் ஓவர்டைம் என்று வைத்துக்கொள்வோம். ஷிப்மென்ட் சமயத்தில் பார்க்காததா? முறுக்கை எடுத்து அவளுக்கும் நீட்டினேன்.

இறங்கியதும் போனில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "டிக்கெட்ல இருந்ததச் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?" என்றார். பாவம், அவரும் பறந்ததில்லையே என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பேத்தி பிறந்தாள். அவளைக் குளிப்பாட்டி மடியில் போட்டுக்கொண்டால் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஒரு நாள் வீடியோ காலில் அவரிடம், "நீங்களும் வந்து பாத்துட்டுப் போங்க. ஆறு மணி நேரந்தானுங்க" என்று கிண்டலடித்தேன்.

"போ அம்முணி, பத்தரை மணி நேரம் எம்பட காலு தாங்காது. டிக்கெட்டு போட்ட அன்னைக்கே விசாரிச்சேனே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பத்தரை என்று சொல்லியிருந்தால் நான் வீட்டு வாசலையே தாண்டியிருக்க மாட்டேன். போனைப் பேத்தியின் பக்கம் திருப்பினேன். அவள் கொட்டாவி விட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனுக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"ஏன் அம்முணி, ஒண்ணரை ஷிப்ட்டுக்குள்ள அடங்கிருமல்ல?" என்று கேட்டார்.