பழுப்புத் தாளில் ஒன்பது தலைமுறை

பென்சிலின் அழிப்பான் முனையால்தான் பக்கம் புரட்டுகிறார். பழைய பத்திரப் பதிவேடு, விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டியதும் இடது முழங்கையை இழுத்து, எதிரே விரித்திருக்கும் தாளின் ஓரத்தை மறைத்துக்கொள்கிறார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாத பிள்ளை மாதிரி.

ஆவண அறையில் எல்லோருக்கும் அவர் தையல்காரம்மா. புதன்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்துவிடுவார். துணி வெட்டப் பயன்படும் பழுப்புத் தாளில் வரைந்த அவருடைய வம்சம் மேசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ஒன்பது தலைமுறை! என்னுடையது ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பெயர், என் கொள்ளுத் தாத்தாவுடையது. படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா தினமும் கேட்கிறார்: “எங்க தாத்தா பேரு கெடச்சுதாடா? கண்ணுக்கெட்டுன தூரம் அவரு நெலம்தான்னு சொல்லுவாங்க.” அவருக்கு நினைவு தப்புவதற்குள் சொல்லியாக வேண்டும். மூன்று வருடமாக, ஆவண அறையில் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே, நில உரிமையாளர் பட்டியலைச் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரம்மா அந்தப் பட்டியலைத் தொடுவதே இல்லை. பத்திரத்தில் யாரும் படிக்காத நான்கு எல்லைகளைத்தான் படிப்பார். “நெலம் இருந்தவன் பேரு பட்டியல்ல இருக்கும் சார். இல்லாதவன் பேரு வேலியோரத்துலதான் கெடக்கும். இன்னாரு குடிசைக்கு மேற்கேன்னு எழுதித்தானே ஆகணும்?” நமக்கெதற்கு இந்த வேலியோரம் என்று தலையாட்டி வைப்பேன்.

ஒரு மாதமாக அந்த முழங்கை ஓரத்தைவிட்டு அசையவில்லை. பெரிதாக ஏதோ சிக்கியிருக்கிறது, காட்ட மனசில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“அப்படி என்னம்மா மறைக்கிறீங்க? நான் என்ன தூக்கிட்டா ஓடிடப்போறேன்?”

அவர் என் விண்ணப்பச் சீட்டைப் பார்த்தார். வாரம் தவறாமல் என் தாத்தா பெயரை எழுதிக் கொடுக்கும் சீட்டு.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அப்பாகிட்ட எப்படிச் சொல்லுவீங்களோன்னுதான்...”

முழங்கை விலகியது. தாளின் ஓரத்தில், பத்திரத்திலிருந்து எடுத்தெழுதிய ஒரு வரி. அவருடைய முப்பாட்டன் நிலத்தின் கிழக்கெல்லையில் ஒரு குடிசை. குடிசைக்காரர் என் தாத்தா. ‘மகன்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருந்தது, அப்பா கேட்ட பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் இருந்ததென்னவோ உண்மைதான். அது இவர்கள் நிலம்.

வெட்கம் பிறகுதான் வந்தது. என் கொள்ளுத் தாத்தாவையும் இந்த அம்மாள்தான் முதலில் பார்த்திருக்கிறார் என்ற எரிச்சல் முந்திக்கொண்டது.

தையல்காரம்மா ஒன்பது தலைமுறைத் தாளின் ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தார். நூல் பிடித்ததுபோல நேராகக் கிழித்து, அந்தத் துண்டை என் பக்கம் நகர்த்தினார்.