பிரின்ஸுக்குப் போட்ட தயிர்சோறு

நாய் மயிரின் ஈர நாற்றமும் புளித்த தயிரும் எண்ணெய்ப் புகையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன வாசம் வரும் என்று யாராவது கேட்டால், விமானத்தின் வாசம் வரும் என்று நான் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் தங்கள் முதல் விமானப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது மேகம், ஜன்னல், சாக்லேட் என்று ஏதேதோ சொல்லிப் பூரித்துப்போவார்கள். நானோ அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

ஏர்பேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் தெலுங்கு. வெளியூர் முதலாளிகள் கார்களில் வந்து இறங்கி நிலம் தேடிய தொண்ணூறுகளில் எங்கள் கடலைக்கொல்லையும் ஒரு குழாய்க் கம்பெனிக்குப் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உள்ளே வேலை என்று சொல்லித்தான் வாங்கினார்கள். அப்பாவை, எங்கள் நைனாவை, 'கேட்'டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். ரவி அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து முடித்து வந்து நின்றபோது, "பெத்தசார் வரும்போது பாத்துக்கலாம்" என்றார்கள். பெத்தசார் என்பவர் கம்பெனியின் முதலாளி, பெங்களூர்க்காரர். அவர் வந்தார், போனார், மறுபடியும் வந்தார். அண்ணன் ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்பான். கார்க் கண்ணாடி இறங்கியதே இல்லை.

பெத்தசாருக்குச் சொந்தமாகக் குட்டி விமானம் ஒன்று இருந்தது. புரட்டாசியில் பெருமாளைப் பார்க்க ரேணிகுண்டாவில் வந்து இறங்கி, அங்கிருந்து காரில் மலையேறுவார். அந்த வருஷம் கூடவே ஒரு நாயையும் கொண்டுவந்துவிட்டார்கள். மலைக்கு நாயைக் கூட்டிப் போக முடியாது என்பது மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம். வாட்ச்மேன் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லி டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அப்படித்தான் பிரின்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு நாய் என்றாலே ஆகாது. இதுவோ கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. தொங்கிய கன்னத்திலிருந்து கொழகொழவென்று எச்சில் கயிறு போல இறங்கிக்கொண்டே இருக்கும். தலையை உதறினால் அந்த எச்சில் சுவரில் ஒட்டும், அடுக்கியிருந்த பாத்திரத்தில் ஒட்டும், ஒருமுறை என் சமூகப் பாடப் புத்தகத்தில் ஒட்டிக் காய்ந்து இரண்டு பக்கங்கள் பிரியாமலே போய்விட்டன. "நாய்க்கு வந்த வாழ்வப் பாரு, காருல வந்து எறங்குது" என்று நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு டப்பாக்களில் அதன் தீனியும் வந்திருந்தது. அம்மா ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். கவிச்சி. "பெருமாள் மாசத்துல இத்த வூட்டுக்குள்ள வெச்சிக்கினு நான் எப்படி வெளக்கேத்துறது?" என்று அத்தனையையும் எடுத்துக் கோணிப்பையில் கட்டி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டைகூட வாசற்படி தாண்டாது. சனிக்கிழமை அண்ணனும் நானும் நாமம் போட்டுக்கொண்டு சொம்பெடுத்து "கோவிந்தா" சொல்லி வீடு வீடாக அரிசி வாங்கி வந்தோம். அதைப் பொங்கிப் படைத்து, படைத்த சோற்றில் நாய்க்கும் ஒரு பங்கு போட்டாள் அம்மா. பரிமாறுகிற வேலை எனக்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டு ஓடிவருவேன். அந்தக் கழுதை நாய் என் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தது அதனால்தான்.

மலையில் நாலைந்து நாள் தங்கித் தரிசனம் முடிந்து பெத்தசாரின் மனைவி காரில் வந்து இறங்கினார். எல்லோரும் அவரை அம்மகாரு என்பார்கள். நாய் அவரைக் கண்டதும் வாலாட்டியது; காரில் ஏறு என்றதும் கட்டிலுக்குக் கீழே என் காலருகில் போய்ப் படுத்துக்கொண்டது. வரும்போது விமானத்தில் ஊளையிட்டு உயிரை வாங்கிவிட்டதாம். அவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூர் வரைக்கும் கூட வரட்டும், பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடுகிறோம் என்றார்.

அம்மா என்னை அடுக்களைக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். "பெத்தசார் பக்கத்துல குந்திக்கினு போற. மூஞ்ச சுளிக்காத. நாய நல்லா பாத்துக்கினா அண்ணனுக்கு வேல ஆயிடும்."

விமானத்தில் போகிறோம், நாய்க்கு ஒன்றும் கொடுக்காதே என்று அம்மகாரு தெலுங்கில் தெளிவாகத்தான் சொன்னார். அம்மாவுக்கும் நன்றாகப் புரிந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒன்றும் வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. வேண்டாம் என்கிறவருக்கு இரண்டு கரண்டி சேர்த்துப் போடாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்குத்தான் கெட்ட பேர். "வேணாம்னுதான் சொல்லுவாங்க. நாமதான் பாத்து போடணும்" என்பது அம்மாவின் வேதவாக்கு. எங்கள் இருவர் கையிலும் பிரயாணத்துக்கு நல்ல சகுனமாகத் தயிரும் சர்க்கரையும் வைத்தாள். அம்மகாரு கார் ஏசியில் உட்கார்ந்திருக்க, கொல்லைப்பக்கம் பிரின்ஸுக்கு ஒரு குண்டான் தயிர்சோறு வைத்தாள், நெய் ஊற்றி, சர்க்கரை தூவி. அது குண்டானை நக்கிக் கவிழ்த்துவிட்டு ஏப்பம் விட்டது.

விமானத்துக்குள் ஷேர் ஆட்டோ அளவுக்குத்தான் இடம், அதே மாதிரி எண்ணெய்ப் புகையும். முன்னால் பைலட்டும் பெத்தசாரும், பின்னால் நாங்களும் அம்மகாருவும். நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. தீபாவளிக்கென்று எடுத்த பட்டுப்பாவாடையை அம்மா முன்கூட்டியே கட்டிவிட்டிருந்தாள். விமானம் கிளம்புவதற்கு முன்பே எச்சிலில் பாதி நனைந்துவிட்டது. மேலே போனதும் தூக்கித் தூக்கிப் போட்டது. பெருமாளின் தலைக்கு மேலே எதுவும் பறக்கக் கூடாது என்று சுற்றிக்கொண்டு போனோம் போலிருக்கிறது, ஏழுமலையும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. கோபுரம் தெரியுமா என்று எட்டிப் பார்க்கக்கூட அந்தத் தலை என்னை விடவில்லை. அண்ணன் மட்டும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "பாப்பா, அங்க பாரு, நம்ம கொல்ல" என்றான்.

அப்போதுதான் நாய் வயிற்றை எக்கியது.

முதல் தடவை முழுவதும் என் பாவாடையில் வந்து விழுந்தது. வெதுவெதுப்பாக, முழுசு முழுசான பருக்கையாக, புளிப்பும் நாய் வாடையுமான அந்த நாற்றத்தோடு. நான் அலறக்கூட முடியாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அம்மகாரு, "சீட்டு, சீட்டு!" என்று கத்தினார். வெள்ளைத் தோல் சீட். நாய் மறுபடியும் எக்குவதைப் பார்த்த அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பி, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கைகளையும் குவித்து அதன் வாய்க்குக் கீழே நீட்டினான். நிறைய வாங்கினான்.

வாங்கியதைக் கொட்டுவதற்கு இடமில்லை. யாரும் ஒரு பையையோ பேப்பரையோ நீட்டவில்லை. அம்மகாரு கைக்குட்டையை எடுத்தார். நாயின் வாயைத் துடைத்தார், மடித்து வைத்துக்கொண்டார். பெங்களூரில் இறங்கும்வரை அண்ணன் கையைப் பிரிக்கவில்லை. விரல் இடுக்கில் கசிந்தது முழங்கை வழியாக அந்த இஸ்திரிச் சட்டைக்குள் இறங்கியது. பெத்தசார் திரும்பிப் பார்த்து உடம்பு குலுங்கச் சிரித்தார். "மஞ்சி பில்லோடு" என்றார். நல்ல பையனாம். "மன இண்ட்லோனே உண்டனீ." நம்ம வீட்டிலேயே இருக்கட்டும், நாயைப் பார்த்துக்கொள்ள.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. நாயின் வாந்தியைக் கழுவிவிட்டேன், அதைக் கழுவ முடியவில்லை.

இறங்கிய இடத்தில் ஆட்கள் ஓடிவந்து நாயைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். எங்களுக்குத் தோட்டத்துக் குழாயைக் காட்டினார்கள். பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அண்ணன் முளபாகல், பலமனேர் எல்லாம் தாண்டியும் கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தான். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு மட்டும் இட்லி வாங்கினான். "நீ துன்னு" என்று பொட்டலத்தை என்னையே பிரிக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "வூட்ல சொல்லாத பாப்பா. நைனா தாங்காது" என்றான்.

சொல்லவில்லை. பெங்களூரில் வேலை என்றதும் அம்மா கற்பூரம் ஏற்றினாள். ஃபிட்டர் படித்தவன் அடுத்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாய் கழுவப் போனான். ஊரில் பெருமையாகத்தான் பேசினார்கள்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை, கேட்டில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. நைனா இல்லை. விமான நிலையம் கண்ணாடியும் வெளிச்சமுமாக வளர்ந்துவிட்டது. பிரின்ஸ் செத்த பிறகு அண்ணன் அந்த வீட்டிலேயே டிரைவராக இருந்து, பெங்களூரிலேயே கால்டாக்சி ஓட்டி, அங்கேயே தங்கிவிட்டான். புரட்டாசிக்கு மட்டும் வருகிறான். "அன்னிக்கி தயிரும் சக்கரையும் வெச்சி அனுப்பினேன், பெருமாள் கைவிடல பாத்தியா" என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்கிறாள், அவனும் தலையாட்டுகிறான்.

போன சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் தயிர்சோறு கொடுத்தார்கள். வரிசையில் எல்லோரும் கையை நீட்டி வாங்கினார்கள். அண்ணன் முறை வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொன்ன இருந்தா அதுல குடு சாமி" என்றான். பிரசாதத்துக்குக்கூட கை நீட்ட மாட்டேங்கிறான், பெங்களூர் போனதும் சுத்தம் பார்க்கிறான் என்று பின்னாலிருந்த ஒருத்தி முணுமுணுத்தாள்.