சிக்னல் மின்னாத காடி

இப்போது என் காடியில், காரைத்தான் சொல்கிறேன், சிக்னல் போட்டால் டிக் டிக் என்று அழகாக அடிக்கிறது. இத்தனை வருஷம் ஓட்டியும் அந்தச் சத்தம் என் காதில் ஏறியதே இல்லை. இப்போது ஏறுகிறது. ஏறும்போதெல்லாம் முகம் சுடுகிறது.

லிங்கிப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் ஆயுத பூசையன்று காடிகள் வரிசை கட்டி நிற்கும். என்னுடையதுதான் இருப்பதிலேயே கிழம். ஆனால் சந்தனம் வைப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. டயர், பானட், ஸ்டீரிங், கியர், சிக்னல் தண்டு, ஒன்றையும் விடமாட்டேன். டேஷ்போர்டு நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட சுவிட்ச் ஒன்று இருக்குமே, அமுக்கினால் நாலு மூலை விளக்கும் சேர்ந்து மின்னுமே, அதற்குத்தான் பெரிய பொட்டு. ஆபத்துக்கு உதவுகிற சுவிட்ச் அல்லவா! பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். வருஷா வருஷம் இப்படித்தான்.

இந்த வருஷம் மாப்பிள்ளையும் வந்திருந்தார். தெமியாங்கில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். மகள் விரும்பிக் கட்டிக்கொண்டாள். கோயிலில் தாலி, சர்ச்சில் மோதிரம் என்று இரண்டு பக்கமும் சமாதானமாகி, கல்யாணம் முடிந்து சில மாதம்தான் ஆகிறது. பூசை நடக்கும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக மரியாதையாக நின்றார். அதற்கு முதல் நாள்தான் என் காடியில் போன் சார்ஜர் போட, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருந்தார். நான் கேட்கவே இல்லை, அவராகச் செய்தது.

பூசை முடிந்த சில நாளில் சிக்னல் செத்துப்போனது. தண்டை மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் மீட்டர் போர்டில் பச்சை அம்பு வரவில்லை. சி ரூசா கடற்கரைச் சாலையில் வலது பக்கம் திரும்ப ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். பின்னால் வந்த லோரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாகத் தாண்டிப் போனது. லோரிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வந்து சேருவதற்குள் குற்றவாளி யார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துச் சனம் வாசலில் நிற்கிறது என்ற நினைப்பும் இல்லை.

"மாப்ள, ஒழுங்கா ஓடுன காடி. நீங்க வயர் இழுத்தீங்க, போச்சு!"

"நான் சிகரெட் லைட்டர் வயர்லதான் மாமா கரண்டு எடுத்தேன். சிக்னல் பக்கம் போவவே இல்ல லா."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடுமா?

"சாமி முன்னால கும்பிடாத கையி, பூசை போட்ட காடியில பட்டா இப்படித்தான் ஆவும்."

மகள் "அப்பா!" என்று கத்தினாள். மாப்பிள்ளை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காடிக்குள் போய் உட்கார்ந்தார். டேஷ்போர்டின் நடு மூடியைக் கழற்றினார், குனிந்து எதையோ பார்த்தார், கொஞ்சம் சுரண்டினார். பிறகு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"என் வயருதான் மாமா. நான்தான் கெடுத்திட்டேன். வயர் வேலை தெரிஞ்ச ஆள நானே கூட்டியாந்து காட்டுறேன்" என்றார்.

"தெரியாத வேலையில ஏன் கை வைக்கணும்?" என்று அதற்கும் ஒரு போடு போட்டேன்.

அன்று என் மனைவி சமைத்த கோழிக் குழம்பை யாரும் தொடவில்லை. கிளம்பும்போது மகள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "தீபாவளிக்கு நாங்க தெமியாங்லேயே இருந்துக்கிறோம்ப்பா."

தலைதீபாவளி! மாப்பிள்ளைக்கு வேட்டியும் மகளுக்குச் சேலையும் எடுத்து அலமாரியில் வைத்திருந்தோம். மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கெடுத்த வயரைப் பிடித்து, இதோ பார் என்று மனைவியிடம் காட்டியே தீருவது என்று ஒரு காலையில் காடியைத் திறந்துபோட்டு உட்கார்ந்தேன். முதலில் சார்ஜர் வயரை அடியோடு கழற்றி எறிந்தேன். சிக்னல் வரவில்லை. அந்த வயர் இருந்த இடத்தைப் பார்த்தால், அவர் டேப் சுற்றி ஒழுங்காகக் கட்டியிருந்தார், சிக்னல் வயருக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. முக்கோண சுவிட்சை அமுக்கினேன், நாலு விளக்கும் மின்னின. அப்படியானால் பல்பும் சரி, விளக்கை மின்ன வைக்கிற ரிலேயும் சரி. பிறகு எங்கே போகிறது கரண்டு? டெஸ்ட் லைட்டை வைத்து வயர் வயராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிக்னலுக்குப் போகிற கரண்டு அந்த முக்கோண சுவிட்சுக்குள் நுழைந்துதான் தண்டுக்குப் போகிறது. நுழைகிற பக்கம் டெஸ்ட் லைட் எரிந்தது. வெளியே வருகிற பக்கம் எரியவில்லை.

சுவிட்சைப் பிடுங்கினேன். உள்ளே சந்தனம். வருஷா வருஷம் நான் அப்பியது, பன்னீரோடு உள்ளே இறங்கி, காய்ந்து, செம்புத் தகட்டின் மேல் பச்சைக் களிம்பாகப் பூத்துக் கிடந்தது. அடியில் குங்குமச் சிவப்பு. ஓரத்தில் மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டிய கோடு ஒன்று.

கழற்றிய ஸ்க்ரூவைப் போட்டு வைக்க சாம்பல் தட்டை இழுத்தேன். நான் விபூதிப் பொட்டலம் வைக்கிற இடம் அது. பொட்டலத்துக்குப் பின்னால் நாலாக மடித்த டிஷ்யூ ஒன்று இருந்தது. பிரித்தேன். மஞ்சளும் சிவப்புமாகச் சந்தனத் தூள்.

மாப்பிள்ளை அன்றைக்கே பார்த்துவிட்டார். "மாமா, இது உங்க சந்தனம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேர் முன்னாலும் என் மானம் போயிருக்கும். சாமி காரியத்தைக் குறை சொல்கிறான் என்று நான் அதற்கும் குதித்திருப்பேன், அதுவும் அவருக்குத் தெரியும். சுரண்டிய தூளைக்கூடக் கீழே உதறாமல் மடித்து ஒளித்துவிட்டு, என் தப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காடிக்குள் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்தது. சீ, என்ன மனுஷன் நான்!

பழைய பல் துலக்கும் பிரஷை வைத்துச் சுத்தம் செய்து மாட்டினேன். தண்டைத் தட்டினேன். பச்சை அம்பு வந்தது, டிக் டிக் டிக்.

சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள். "ஏங்க, வந்திருச்சா? என்னங்க கோளாறு?"

அவள் என்னோடு பேசிவிட்டாள் என்பதுதான் முதலில் என் மண்டையில் பட்டது. டிஷ்யூவைக் கைக்குள் கசக்கிக்கொண்டேன்.

"வயருதான்" என்றேன்.

"அப்போ மாப்ள இழுத்ததுதானா?"

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தை எப்படிச் சொன்னேன் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

அவள் அதற்குள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுவிட்டாள். "அப்பா செஞ்சிட்டாரும்மா. வயருதானாம். கோவமெல்லாம் போச்சு, மாப்ளைய மன்னிச்சிட்டாரு. தலைதீபாவளிக்கு வந்திருங்க கண்ணு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இந்தாங்க, மாப்ள பேசணுமாம்" என்று போனை என் காதில் வைத்தாள்.

"தேங்க்ஸ் மாமா. தீபாவளிக்கு வந்திர்றோம்" என்றது மாப்பிள்ளையின் குரல். கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "ரெண்டு பக்கமும் மின்னுதா மாமா?"

கைக்குள் அந்த டிஷ்யூ இருந்தது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மின்னுது மாப்ள" என்றேன்.